மங்களத்துக்குப் பிறகு இரண்டு பாட்டு

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரே ஆடியோ கடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கேசட், சிடி, எம்பி3, பென் டிரைவ், கடைசியாக யூடியூப் சேனல் என்று சரக்கு மாறிக்கொண்டே இருந்தது. என் மேசையும் வேலையும் மாறவில்லை. பாட்டுகளைப் பொறுக்கி எடுப்பது, வரிசைப்படுத்துவது, அட்டைக்கு நான்கு வரி எழுதுவது. தமிழில் எம்.ஏ. படித்தவன் என்பதால் கடையில் எனக்கு 'வாத்தியார்' என்று பெயர். வாழ்நாளில் ஒரு மாணவனுக்குக்கூட நான் பாடம் நடத்தியதில்லை. அந்த வகையில் பல பிள்ளைகள் தப்பித்தார்கள்.

இப்போது சேனல் நடத்தும் இளைஞர்கள் சிலர் என்னைப் பார்க்க வருகிறார்கள். "உங்க தொகுப்புலயே பெஸ்ட் எது சார்?" என்று கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்கிறார்கள். 'காத்தாயி ஹிட்ஸ், இருபது பிளஸ் இரண்டு.' அதிலும் குறிப்பாகக் கடைசி இரண்டு, அந்த போனஸ் டிராக்குகள். "எப்படி சார் அந்தத் துணிச்சல் வந்துச்சு?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். துணிச்சலுக்கும் திமிருக்கும் வித்தியாசம் தெரியாத வயது. எனக்கு அந்த வித்தியாசம் ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

1. சமையல்காரம்மா

காத்தாயி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். துபாய் அல் குசைஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சமையல் வேலைக்கு வந்தவர். அந்த வீட்டுக்காரர் கணக்கர். எங்கள் கடையின் வரவு செலவையும் பார்த்தவர். அவர் பிளாட் மாறியபோது பால் காய்ச்சினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சாப்பாட்டுக்காகப் போனேன்.

பால் பொங்கும்போது ஒரு குரல் எழுந்தது. மைக் இல்லை, தாளம் இல்லை. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றபடி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி பாடினார். பேச்சை நிறுத்தாத கூட்டம் பேச்சை நிறுத்தியது. நான் போனை எடுத்து ரெக்கார்டிங் பொத்தானை அழுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் பதிவுசெய்வது அன்றே தொடங்கிவிட்டது.

"இந்தப் பாட்டெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்று பிறகு கேட்டேன்.

"கத்துக்கிடறதா? நாத்து நட்டா வரும்ங்கய்யா. குனிஞ்சா பாட்டு, நிமிந்தா இடுப்பு வலி" என்றார். பிறகு என் இலையைப் பார்த்து, "பாட்டு எங்கயும் போவாது. ரசத்த ஆறவிடாதீங்க."

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். வளைகாப்பு, காதுகுத்து, பெயர் வைப்பது, புதுப் பிளாட். அல் குசைஸிலும் ஷார்ஜாவிலும் தமிழ் வீடுகளில் நல்ல காரியம் என்றால் காத்தாயி வரவேண்டும் என்று ஆயிற்று. வீட்டுக்கார அம்மாவும் தடுக்கவில்லை. பாடுவதோடு விடமாட்டார்கள். "பெரியம்மா, நீங்க முதல்ல நலங்கு வைங்க", "பெரியம்மா, வளையல் நீங்க போடுங்க" என்று முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். கழுத்தில் மெல்லிய செயின், நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. புருஷன் ஊரில் இருப்பார் என்று எல்லாரும் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். இங்கே முக்கால்வாசிப் பேருக்கு யாராவது ஒருவர் ஊரில்தான் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அவரைக் கடைக்கு வரவழைத்து, பின்னறையில் பாடவைத்துப் பதிவுசெய்தேன். எங்கள் சேனலில் அவர் பாட்டு நன்றாக ஓடியது.

2. கேம்ப் சுவருக்கு வெளியே

அந்தக் குளிர்காலத்தில் அல் குசைஸ் லேபர் கேம்ப் ஒன்றில் முருகேசன் என்று ஒரு பையன் தூக்கத்திலேயே இறந்துபோனான். காலை டூட்டிக்கு எழுப்பப் போனவர்கள் பார்த்தார்கள். காத்தாயியின் ஊருக்கு அடுத்த ஊர். உடல் ஊருக்குப் போய்விட்டது. அவனோடு ஒரே ரூமில் இருந்த ஏழு பேரால் போக முடியவில்லை. அழுவதற்குக்கூட அவர்களுக்கு ஒரு முறை கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. அவர்கள் காத்தாயியைத் தேடி வந்து கேட்டார்கள். கார் வைத்திருந்தவன் நான். கூட்டிக்கொண்டு போனேன்.

ரூமுக்குள் வரமாட்டேன் என்றார் காத்தாயி. "கூரைக்கு அடியில அத பாடக்கூடாது. இன்னும் ஏழு பேரு உள்ள தூங்கணும்ல." கேம்ப் சுவருக்கு வெளியே, தண்ணீர் லாரி நிற்கும் திடலில், காலை பத்து மணி வெயிலில் உட்கார்ந்து பாடினார். முருகேசனுக்காக அவரே கட்டிய ஒப்பாரி. இரண்டு வரி இன்றும் நினைவிருக்கிறது:

*எட்டு மணி டூட்டிக்கு எழுப்பிவிட வந்தாகளே,*
*எந்திரிக்க மனசில்லையா எஞ்சாமி ஒனக்கு மட்டும்?*

ஏழு பேரும் அழுதார்கள். எதிரே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த பாகிஸ்தானி டிரைவர் வேலையை விட்டுவிட்டு வந்து குந்தினார். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவரும் அழுதார். நான் அழவில்லை. என் கையில் கடையின் புது ரெக்கார்டர் இருந்தது. லெவல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தது என்று நினைத்தபோது காத்தாயி நிறுத்தவில்லை. குரல் தாழ்ந்து வேறொரு பாட்டுக்குப் போனது. அது முருகேசனைப் பற்றியது இல்லை. கிணறு வெட்டப் போய்த் திரும்பாத தன் புருஷனைப் பற்றியது. அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு எல்லாரையும் கைகால் கழுவச் சொன்னார். பாகிஸ்தானி டிரைவரையும் விடவில்லை. "பாய், ஆவோ, ஹாத் தோ" என்றார். கடைசியில் என்னிடம் வந்தார். நான் கழுவினேன்.

"அந்தப் பெட்டியையும் கழுவுங்க."

"கரண்ட் சாமான்மா. தண்ணி பட்டா போயிடும்" என்று சிரித்தேன்.

"தண்ணியில இல்ல. உள்ள இருக்கறத. அதுவும் கேட்டுச்சுல்ல? வீட்டுக்குக் கொண்டுபோவாதீங்க."

காரில் திரும்பும்போது அவரே பேசினார். "ஊர்ல நல்ல காரியம்னா நான் பின்கட்டுலதாங்கய்யா நிப்பேன். பாத்திரம் கழுவ கூப்பிடுவாக, பாட கூப்பிட மாட்டாக. இழவு வீட்டுக்கு மட்டும் மொத ஆளா ஆள் விட்டுருவாக. இருவத்தாறு வயசுலேர்ந்து அதான். இங்க வந்துதான் ஒரு புள்ளத்தாச்சி கையப் புடிச்சு வளையல் போட்டேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. பொய் சொல்லலங்கய்யா, சொல்லல. அவ்ளோதான். இது உங்களோட இருக்கட்டும்."

"என்னோடதான் இருக்கும்மா" என்றேன்.

ரெக்கார்டரை நான் கழுவவில்லை. அன்று மாலையே கணினியில் ஏற்றி இரண்டு பிரதி எடுத்துவைத்தேன்.

3. கொசுறு

எங்கள் முதலாளி ஹமீது காக்கா கீழக்கரைக்காரர். எட்டாம் வகுப்பு. பாட்டு கேட்கமாட்டார். ஆனால் எந்தப் பாட்டை எந்த வீட்டில் எப்போது போடுவார்கள் என்று தெரிந்தவர். காத்தாயியின் சிறந்த பாட்டுகளை ஒரு பென் டிரைவில் கொண்டுவரலாம் என்பது அவர் யோசனை. காரிலும் போடலாம், விசேஷ வீட்டு ஸ்பீக்கரிலும் போடலாம்.

இருபது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பாட்டு மங்களம். போனஸாக இரண்டு ரீமிக்ஸ் சேர்க்கச் சொன்னார் காக்கா. அடிக்கிற பீட்டில் காத்தாயியின் குரலைப் போட்டுக் கலக்குவதா? நான் எம்.ஏ. அல்லவா? அந்த இரண்டு இடத்திலும் கேம்பில் பதிவுசெய்த ஒப்பாரிகளை வைத்தேன்.

காக்கா முழுவதும் கேட்டார்.

"வாத்தியாரே, மய்யித்து வீட்டுப் பாட்டக் கொண்டுவந்து வளையல் பாட்டோட சேக்குறீகளே, இது சரியா வருமா?"

"இதுதான் காக்கா அசல் பாட்டு. மத்த இருபதும் இதுக்கு முன்னால ஒண்ணுமில்லை."

"அசல்தான். யாரு இல்லைன்னா? அதுக்காக நடுக்கூடத்துல வைக்க முடியுமா? அந்தம்மாகிட்ட கேட்டீகளா?"

"கேட்டாச்சு" என்றேன்.

அது பொய். நான் கேட்டவிதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இருபது பாட்டின் பட்டியலை காத்தாயிக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "இதுபோக கூட ரெண்டு போனஸ் இருக்கும்மா" என்றேன்.

"போனஸுன்னா?"

"சும்மா கொசுறு மாதிரி."

"மங்களத்துக்கு அப்புறமா? எலை எடுத்தப்புறம் எவன்யா சோறு போடுவான்?"

"கம்பெனி வழக்கம்மா."

"ஒங்க கம்பெனிக்கு ஒரு வழக்கமும் தெரியல" என்று சிரித்துக்கொண்டே ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 'எல்லாப் பதிவுகளும்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சேர்த்தவன் நான்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. இருபத்தோராம் டிராக்கின் தொடக்கத்தில் ஒரு முன்னுரை பேசிப் பதிவுசெய்தேன். என் குரல் எனக்குப் பிடிக்கும். மங்களம் முடிந்து பதினோரு விநாடி மௌனம், பிறகு என் குரல், பிறகு ஒப்பாரி. அந்த மௌனத்தை அளந்து அளந்து வைத்தேன். சென்னையில் ஓர் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினேன். 'கண்ணீரின் ஆவணம்' என்று பதில் எழுதினார். அவர் கேம்புக்கும் வந்ததில்லை, கையும் கழுவியதில்லை. அந்த மெயிலை அச்சடித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

4. வளைகாப்பு

பென் டிரைவ் வெளியாகி மூன்றாவது வாரம். அல் குசைஸில் ஓர் உணவகத்தின் பார்ட்டி ஹால். நித்யா என்ற பெண்ணுக்கு வளைகாப்பு. அவள் கணவன் எங்கள் கடை வாடிக்கையாளர். நான் முதல் ஆளாகப் போய்ப் பரிசாகக் கொடுத்தது எதை? அந்த பென் டிரைவைத்தான். "காத்தாயி அம்மா பாட்டா? சூப்பர் சார்" என்று உடனே ஸ்பீக்கரில் சொருகினான்.

விருந்தினர் வரும்வரை அது ஓடியது. காத்தாயி வந்ததும் நிறுத்தினார்கள். பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம். இரண்டு பாட்டுப் பாடினார். நித்யா கன்னத்தில் சந்தனம் தடவி, இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் போட்டார். மற்ற பெண்களும் போட்டார்கள். பிறகு பந்தி. பென் டிரைவ் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடியது. நான் தேங்காய் சாதத்தில் இருந்தேன். எனக்கு எதிர்வரிசையில் காத்தாயி உட்கார்ந்து, பக்கத்து இலைக் குழந்தைக்கு அப்பளம் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மங்களம் ஒலித்தது. யாரோ, "முடிஞ்சுது, பாயசம் கொண்டாங்கப்பா" என்றார்கள். பதினோரு விநாடி மௌனம். அந்த நேரத்தில் நான் எழுந்து ஓடியிருக்கலாம். மறந்தே போய்விட்டேன். நானே வைத்த மௌனம் எனக்கே நினைவில்லை.

பிறகு என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"இதுவரை நீங்கள் கேட்டவை காத்தாயியின் பாடல்கள். இனி வருவது காத்தாயியின் வாழ்க்கை. இருபத்தாறு வயதில் கணவனைப் பறிகொடுத்து, கைம்பெண்ணாக வாழும் இந்த ஏழைத்தாய்..."

அதற்கு மேலும் நான்கு வாக்கியம் உண்டு. நான் சுருக்கமாக எழுதுபவன் இல்லை.

நித்யாவின் மாமியார் திருச்சியிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாரைச் சொல்றாங்க? இந்தம்மாவையா?"

காத்தாயியின் பக்கம் விரலை நீட்டினார்.

"இவங்களா இப்ப எம்மருமக கையில வளையல் போட்டது?"

"அத்தை, விடுங்க. பரவாயில்ல" என்றாள் நித்யா.

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. ஏங்க, ஒங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கடைசிக் கேள்வி காத்தாயிக்கு. அதற்குள் முன்னுரை முடிந்து ஒப்பாரி எழுந்தது. வளைகாப்புப் பந்தியின் நடுவே எட்டு மணி டூட்டி. ஸ்பீக்கர் உயரத்தில் இருந்தது. நித்யாவின் கணவன் நாற்காலி போட்டு ஏறிச் சுவிட்சைத் தேடினான். இரண்டு வரியும் முழுதாகக் கேட்டன. அந்தச் சத்தத்தின் நடுவில் மாமியார் வளையலைக் கழற்றத் தொடங்கினார். எது காத்தாயி போட்டது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே பச்சைக் கண்ணாடி. அதனால் இரண்டு கை வளையலையும் மொத்தமாகக் கழற்றினார். நித்யா அழுதாள்.

காத்தாயி இலையை மூடினார். கை கழுவினார். தலையிலிருந்து கனகாம்பரத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடாமல் மேசை ஓரத்தில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். நான் எச்சில் கையோடு பின்னால் ஓடினேன்.

"அம்மா, நான் வேணும்னு..."

அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

"பெட்டியக் கழுவுனீங்களாய்யா?"

"இல்லம்மா."

"அதான்" என்றார். லிஃப்ட் வந்தது.

நித்யாவுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. திடமான பையன். இன்று பள்ளிக்கூடம் போகிறான். அந்தச் செய்தியை மட்டும் யாரும் யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை.

5. அழுகைக்கு ஒரு மேடை

வளைகாப்பு விஷயம் ஒரே வாரத்தில் வாட்ஸப் குழுக்களில் சுற்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை காத்தாயியைக் கூப்பிட இரண்டு வீட்டில் முன்பே பேசியிருந்தார்கள். இரண்டு வீட்டிலும் திடீரென்று 'சிம்பிளா' செய்வதாக முடிவெடுத்தார்கள். கணக்கர் வீட்டில் சமையல் வேலையிலிருந்து நீக்கவில்லை. நல்ல மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலம் சாமி விளக்கேற்றும் வேலை மட்டும் அவரிடமிருந்து போயிற்று.

நான் காக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கேட்கவே இல்லை, பொய் சொன்னேன் என்றேன்.

"எட்டாங்கிளாஸ் படிச்சவனுக்கு தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியாமப் போச்சே வாத்தியாரே. யல்லா, சீக்கிரம் அழிங்க."

சேனலிலிருந்து இரண்டையும் நீக்கினோம். ரோலாவிலும் குசைஸிலும் கடை கடையாகப் போய் பென் டிரைவ்களைத் திரும்ப வாங்கினோம். காக்காவே வந்தார். முட்டி வலியோடு படியேறினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்து வேறு சேனல்களில் போட்டுவிட்டார்கள். கண்ணீர் விடும் பொம்மைப் படம், ஓடும் மேகம், பின்னணியில் புல்லாங்குழல். காத்தாயியின் இருபது பாட்டும் சேர்ந்து போகாத தூரத்துக்கு அந்த இரண்டும் போயின. கத்தாரில் ராஸ் லஃபானில் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர், தினமும் டூட்டிக்குப் போகும் வழியில் காரில் அதைக் கேட்பதாக எனக்கு எழுதினார். மனசு லேசாகிறதாம். மூன்று பெரிய படிப்புப் படித்தவர். காரை விட்டு இறங்கும்போது கைகால் கழுவவேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

பொங்கல் நெருங்கியபோது ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் கடைக்கு வந்தார். கோட்டு போட்டவர்.

"சார், காத்தாயி அம்மாவை நம்ம பொங்கல் விழாவுக்குக் கூப்பிடணும். அந்த அழுகைப் பாட்டு. லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஒரே ஒரு ஸ்பாட். ஆடியன்ஸ் அப்படியே உறைஞ்சிடணும்."

"பொங்கல் அன்னைக்கு ஒப்பாரியா சார்?"

"அது ஸ்டேஜ் சார். ஸ்டேஜ்ல தோஷம் கிடையாது. அது கலை."

"அப்படியே வளையல் பாட்டும் ஒண்ணு பாடச் சொல்லலாமே."

அவர் டையைச் சரிசெய்தார். "அது... லேடீஸ் விங்ல கொஞ்சம் யோசிக்கிறாங்க."

அவரைக் கேவலமாக நினைத்தேன். ஆனால் செய்தியைக் காத்தாயியிடம் கொண்டுபோனேன். இதுவும் ஒரு வாய்ப்புதானே, நான் கெடுத்ததை மேடை சரிசெய்யும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என்னைப் போன்றவர்களுக்கு மேடை என்றால் எல்லாம் சரியாகிவிடும்.

குசைஸில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பகுதியில் நின்றிருந்தார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும். அழிச்சீகளா?"

"நாங்க அழிச்சிட்டோம். மத்தவங்க வச்சிருக்காங்க."

அவர் தலையாட்டினார். பிறகு மேடையைப் பற்றிச் சொன்னேன். பெரிய மேடை, பொன்னாடை போடுவார்கள், ஆயிரம் பேர் எழுந்து நிற்பார்கள் என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த மலையாளிப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"வளையல் போட கூப்பிட மாட்டாக. அழுவறதுக்கு மட்டும் பொன்னாடை. ஊர்லயும் இதத்தானே செஞ்சாக? பொன்னாடைதான் இல்ல. இதுக்கு எதுக்குய்யா நான் பிளைட்டு ஏறி வந்தேன்?"

முருங்கைக்காயை எடைக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சங்கத்தார் அவர் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு யாரோ ஒரு பெண்ணை வெள்ளைப் புடவையில் ஆடவைத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

6. நிறுத்தும் பொத்தான்

இதுவரை எழுதியது முட்டாள்தனம் என்று யாராவது சொல்லி என்னை மன்னிக்கலாம். இனி எழுதுவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்த ஆண்டு என் மகளுக்கு வளைகாப்பு. ஷார்ஜாவில், எங்கள் பிளாட்டில். காத்தாயி அப்போது கால் மணி நேரத் தூரத்தில் இருந்தார். அவரை அழைத்து, முதல் வளையலை அவர் கையால் போடவைக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். மகளிடம் சொன்னேன். "சூப்பர்ப்பா, கூப்பிடுங்க" என்றாள். என் மனைவி, "சம்பந்தியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னேன். சம்பந்தியம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. உண்மையிலேயே வகுப்பறையில் பாடம் நடத்தியவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்த ஒப்பாரிக்காரம்மாவையா சொல்றீங்க? வேண்டாமே சம்பந்தி. எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா நாலு பேரு வர்ற இடம். பாட்டு வேணும்னா ரெக்கார்டு போட்டுக்கலாம். குரல் அருமையா இருக்கும்."

நான் பேசவேண்டிய இடம் அதுதான். பெண்களின் பாட்டைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியவன். கைம்பெண்களின் துயரம் என்று மைக் முன்னால் உருகியவன். என்னிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை.

"சரி சம்பந்தி" என்றேன்.

வளைகாப்பு அன்று காலை என்னிடமிருந்த பழைய பென் டிரைவைத்தான் ஸ்பீக்கரில் சொருகினார்கள். அதில் இருபத்திரண்டு பாட்டும் இருந்தன. இருபதை மட்டும் வேறொன்றில் எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, அல்லது செய்யவில்லை. விருந்தினர் வந்தார்கள். பாட்டு ஓடியது. "யாரு பாடுறது? என்ன குரல்!" என்றார்கள். என் மகளின் கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். ஏழு பெண்கள் வளையல் போட்டார்கள். கண்ணாடி உரசும் சத்தத்துக்குப் பொருத்தமாகக் காத்தாயியின் வளையல் பாட்டு ஒலித்தது.

நான் வரவேற்கவில்லை, பரிமாறவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றேன், நிறுத்தும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு. பத்தொன்பதாம் பாட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. என் மகள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து வளையல்களைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் காத்தாயி விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்று கணக்கர் சொன்னார். அங்கே அவரை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் பாடம் கேட்டு வரும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்ல இருக்கிறது. பாடியவர் 'முடிந்தது' என்று சொல்லும் இடம்தான் தொகுப்பின் கடைசி. அதற்குப் பிறகு நாம் சேர்ப்பது எதுவாக இருந்தாலும் அது நம்முடைய ஆசை. கழுவச் சொன்னால் கழுவிவிடுங்கள். இவ்வளவுதான் தொழில்.

நான் அதைக் கற்றுக்கொண்டுவிட்டேன். என் மகளின் வளைகாப்பில் மங்களத்தின் கடைசிச் சொல் முடிந்த அதே நொடியில் பொத்தானை அழுத்தினேன். ஒரு விநாடிகூடத் தவறவில்லை. சம்பந்தியம்மா என்னைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். பாட்டு சரியான இடத்தில் முடிந்திருந்தது. பாடியவர் கால் மணி நேரத் தூரத்தில் யாருக்கோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்.